முத்தைத் திருப்பும் காந்தம்

1926, 1927, 1928 ஆகிய மூன்று ஆண்டுகளும் தூத்துக்குடியில் முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்தது. பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்த பார்களில், அதாவது கடலடிச் சிப்பித் திட்டுகளில், சிப்பி விளைந்திருந்தது. மதராஸ் அரசாங்கத்தின் மீன்துறை குளிப்பை ஏற்பாடு செய்தது. அந்த 1927-ல்தான் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியாயிற்று. படிகமாக இருக்கும் நைட்ரேட்டுகளும் கார்பனேட்டுகளும் காந்தப்புலத்தில் திசைக்குத் திசை வேறுபட்டு நடந்துகொள்வது ஏன் என்பது அதன் விஷயம். எழுதியவர்கள் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும். இருவரும் அப்போது கல்கத்தா பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்தார்கள். கிருஷ்ணனுக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து வத்திராயிருப்பு. 1898-ல் அவர் பிறந்தபோது அந்த ஊரும் தூத்துக்குடியும் ஒரே திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தன. முத்து என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஆக, ஒரே ஆண்டில் தூத்துக்குடிக் கடலிலிருந்து முத்து வெளியே வந்தது. அந்த முத்து எந்தப் பொருளால் ஆனதோ அதன் காந்தக் குணத்துக்கு விளக்கம், அதே ஜில்லாவில் பிறந்த ஒருவரின் பேனாவிலிருந்து வந்தது. இரண்டுக்கும் நடுவே எந்தப் பேச்சும் நடக்கவில்லை. இதைத் தற்செயல் என்று தள்ளிவிடக் கூடாது என்பது என் கட்சி. முத்தின் மதிப்பு அதன் படலங்களில் இருந்தது. படலங்களைப் படிக்கும் அறிவுக்கு இந்தக் கரையின் தொழிலில் இடமே வைக்கப்படவில்லை. அப்படி வைக்காமல் போனதற்குத் தொழில் நடத்தப்பட்ட முறையே காரணம். முத்து வாணிபம் இங்கே அடங்கிப்போன கதையைச் சொல்பவர்கள் கடலையும் சிப்பியையும் ஜப்பானையும் சொல்கிறார்கள். இந்த நாலாவது காரணத்தைச் சொல்வதில்லை.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி தன் ஓட்டின் உள்பக்கத்தில் பூசும் பளபளப்பான பொருளும் முத்தும் ஒன்றே. அது அரகோனைட் என்ற படிகம். கால்சியம் கார்பனேட்டுக்குக் கால்சைட், அரகோனைட் என்று இரண்டு முக்கிய வடிவங்கள் உண்டு. சிப்பி முத்துக்குப் பயன்படுத்துவது இரண்டாவதை. ஏறக்குறைய அரை மைக்ரான் கனமுள்ள தட்டையான சில்லுகளாக அது படிகிறது. ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சுமார் 2000 அடுக்கு வேண்டும். சில்லுக்கும் சில்லுக்கும் இடையில் கான்கியோலின் என்ற புரதப் பசை இன்னும் மெல்லியதாக ஓடுகிறது. இயற்கை முத்தை நடுவே அறுத்துப் பார்த்தால் அடுக்குகள் வெங்காயத் தோல் போல ஒன்றையொன்று சுற்றி வட்டம் வட்டமாக இருக்கும். ஒவ்வொரு சில்லின் படிக அச்சும் அந்தச் சில்லின் பரப்புக்குச் செங்குத்தாக, அதாவது முத்தின் மையத்தை நோக்கி நிற்கும். இந்த அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது அலைகள் ஒன்றோடொன்று கலப்பதால்தான் முத்துக்கு அந்த உள்ளொளியும் வானவில் சாயலும் கிடைக்கின்றன. ராமனே பிற்பாடு பெங்களூரில் இருந்துகொண்டு இதை ஆராய்ந்தார். 1930-களில் நிறம் காட்டும் சிப்பி ஓடுகளைப் பற்றியும், 1950-களில் டி. கிருஷ்ணமூர்த்தியுடன் சேர்ந்து முத்துக்களைப் பற்றியும் எழுதினார். சிப்பி ஓடு சேர்ப்பதில் அவருக்கு இருந்த பைத்தியம் பெயர்பெற்றது. ஆனால் அவர் தேடியது நிறத்தின் காரணத்தை. விலையின் காரணம் அவர் கேள்வியாக இருக்கவில்லை.

காந்தம் இங்கே எப்படி வந்தது? இரும்பு இல்லாத பொருளுக்கும் காந்தத்துக்கும் என்ன உறவு என்று கேட்பது நியாயமே. 1845-ல் மைக்கேல் ஃபாரடே, எல்லாப் பொருளுமே காந்தத்துக்கு ஏதோ ஒரு விதத்தில் பதில் சொல்கிறது என்று காட்டினார். பெரும்பாலானவை மிக மிக மெல்லிய அளவில் காந்தப்புலத்தால் தள்ளப்படுகின்றன. அதற்கு டயாகாந்தம் என்று பெயர். சில ஆண்டுகள் கழித்து, படிகங்கள் விஷயத்தில் இந்தத் தள்ளல் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இல்லை என்பதையும் அவர் பிஸ்மத்தில் கண்டார். கார்பனேட்டுகளில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். ராமன்-கிருஷ்ணன் கட்டுரையின் விளக்கம் எளிமையானது. கார்பனேட் அயனி என்பது நடுவில் ஒரு கார்பன், சுற்றிலும் மூன்று ஆக்சிஜன் என ஒரே தளத்தில் படுத்திருக்கும் முக்கோணம். புலம் அந்தத் தளத்துக்குக் குறுக்கே வந்தால் அதிகமாகத் தள்ளப்படும். தளத்தோடு ஒட்டி வந்தால் குறைவாக. கால்சைட்டிலும் அரகோனைட்டிலும் இந்த முக்கோணங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. எனவே ஒவ்வொரு மூலக்கூறின் சாய்வும் கூடிச் சேர்ந்து முழுப் படிகத்தின் குணமாகிவிடுகிறது. அரகோனைட் துண்டு ஒன்றை மெல்லிய இழையில் கட்டி, வலுவான காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டால், அந்தத் தளங்கள் புலத்தோடு ஒட்டி வரும்படி அது தானாகத் திரும்பும். இதை முத்துக்குப் பொருத்திப் பார்க்க யாருக்கும் பெரிய கணக்கு தேவையில்லை. வட்ட வட்டமாக அடுக்கிய முத்தில் படிக அச்சுகள் எல்லாத் திசையிலும் பரவியிருப்பதால் ஒன்றின் முயற்சியை இன்னொன்று அழித்துவிடும், முத்து திரும்பாது. ஒரே பக்கமாகத் தட்டையாக அடுக்கிய சிப்பி ஓட்டிலிருந்து கடைந்த உருண்டை திரும்பும்.

இந்த வேறுபாடு 1920-களில் கோடிக்கணக்கான பணம் புரளும் விஷயமாக மாறியது. ஜப்பானின் மிக்கிமோட்டோ நிறுவனத்தின் உருண்டை முத்துகள் முதல் உலகப்போருக்குப் பின் லண்டன், பாரிஸ் கடைகளுக்கு வந்துசேர்ந்தன. நன்னீர்ச் சிப்பியின் தடித்த ஓட்டிலிருந்து கடைந்த உருண்டையைக் கருவாக வைத்து, அதன்மேல் உயிருள்ள சிப்பி முத்துப் படலத்தைப் பூசும்படி செய்வதே அந்த முறை. வெளியே இருப்பது உண்மையான முத்துப்படலம், உண்மையான சிப்பி பூசியது. எவ்வளவு தேர்ந்த கண்ணுக்கும் வெளியிலிருந்து பிடிபடாது. உள்ளே மட்டும் தட்டையான அடுக்குகளுடன் ஒரு ஓட்டு உருண்டை. ஐரோப்பிய வியாபாரிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பிறகு ஆய்வகத்துக்குப் போனார்கள். துளையிட்ட முத்தின் ஓட்டைக்குள் ஊசி போன்ற கருவியைச் செலுத்தி, உள் அடுக்குகள் வழியே ஒளி எப்படிப் போகிறது என்று பார்க்கும் முறை ஒன்று வந்தது. எக்ஸ்-கதிர் வந்தது. கூடவே, முத்தைக் காந்த முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டுத் திரும்புகிறதா என்று பார்க்கும் முத்துத் திசைகாட்டி என்ற கருவியும் வந்தது. இந்தக் கடைசிக் கருவியின் பின்னால் இருக்கும் இயற்பியல், மேலே சொன்ன கார்பனேட் கட்டுரையின் இயற்பியலேதான்.

இப்போது கரைக்குத் திரும்புவோம். தூத்துக்குடிச் சலாபத்தில் முத்து விற்கப்படவில்லை, சிப்பிதான் விற்கப்பட்டது. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் இந்தக் கரையின் பொருளாதாரம் புரியாது. தொலையிரம் பார் போன்ற இடங்களில் முன்கூட்டியே சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவைத்து, கழுவி, கிடைத்த முத்தை மதிப்பிட்டு, ஆயிரத்துக்கு இன்ன விலை தேறும் என்று அரசாங்கம் அறிவிக்கும். குளிப்பு தொடங்கியதும் பரதவரும் கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்களும் தோணிகளில் போய்க் கல் கட்டி இறங்குவார்கள். கயிற்றைப் பிடித்திருக்கும் துணையாள் மேலே இழுப்பார். கரைக்கு வந்த சிப்பி கூறு போடப்படும். மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, மீதி அரசாங்கத்துக்கு. அரசாங்கப் பங்கு அன்று மாலையே ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும், வாயே திறக்காத சிப்பியாக. ஏலம் எடுத்தவர் அவற்றைத் தன் கொட்டுக்கு, அதாவது வேலியடைத்த இடத்துக்கு, கொண்டுபோய் ஒரு வாரம் பத்து நாள் அழுக விடுவார். ஈ முட்டையிட்டுப் புழு சதையைத் தின்று முடித்த பின், நாற்றத்தின் நடுவே தொட்டியில் திரும்பத் திரும்பக் கழுவி, அடியில் தங்கிய மண்ணைத் துணியில் பரப்பி, முத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். அதன்பின் பத்துப் பித்தளைச் சல்லடைகள். முதலாவதில் 20 ஓட்டை, கடைசியில் 1000 ஓட்டை. ஒவ்வொரு சல்லடையிலும் தங்கியதை உருட்சியும் ஒளியும் பார்த்து ஆணி முதல் தூள் வரை தரம் பிரிப்பார்கள். எடை கூடக் கூட விலை எடையின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அந்தக் கணக்கைக் காயல்பட்டினத்து, கீழக்கரை வியாபாரிகள் மனத்திலேயே போட்டார்கள்.

இந்தக் கண்ணையும் கணக்கையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. சங்ககாலக் கொற்கை தொடங்கி இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த தேர்ச்சி அது. ஆனால் அந்தத் தேர்ச்சி ஓர் அனுமானத்தின்மேல் நின்றது: வெளிப்படலம் நன்றாக இருந்தால் உள்ளேயும் அதுவே இருக்கும் என்று. இயற்கை முத்து மட்டுமே இருந்தவரை அந்த அனுமானத்தை யாரும் சோதிக்க வேண்டியிருக்கவில்லை. ஏல முறையோ அந்த அனுமானத்தை அசைக்கவே முடியாதபடி பூட்டி வைத்தது. அரசாங்கத்துக்கு வேண்டியது ஆயிரத்துக்கு இன்ன ரூபாய் என்ற ஒரு சராசரி. சிப்பியை விற்றுக் காசை எண்ணியதோடு அதன் பொறுப்பு முடிந்தது. தனி முத்து ஒன்றின் பிறப்புக்குச் சான்று கொடுக்கும் அக்கறை அதற்கு இல்லை. அதனால் லாபமும் இல்லை. ஏலம் எடுத்தவருக்கு அது சூதாட்டம். அவர் பம்பாய்க்குப் போய் விற்றுவிட்டால் கணக்கு தீர்ந்தது. போர்ச்சுக்கீசியர், 1658-ல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர், பின் ஆங்கிலேயக் கும்பினி என்று ஆண்டவர்கள் மாறினாலும் கரையில் நடந்தது சாரத்தில் இதுதான்: கூறு, வரி, ஏலம். எதிர்க்கரையில் 1905-ல் 25 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் வந்ததைப் பார்த்து, அடுத்த ஆண்டே இலங்கை அரசாங்கம் பார்களை 20 ஆண்டுக்கு ஒரு லண்டன் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டது. 1907-க்குப் பிறகு சிப்பியே இல்லாமல் கம்பெனி கவிழ்ந்தது. முத்தைப் பயிர் என்று பார்க்காமல் லாட்டரி என்று பார்த்ததற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அறிவியலே வரவில்லை என்று சொன்னால் அது பொய். எட்கர் தர்ஸ்டன் 1889, 1890 சலாபங்களை நேரில் பார்த்து எழுதினார். இலங்கை அரசாங்கத்துக்காக 1902-ல் வந்த பேராசிரியர் ஹெர்ட்மன் ஐந்து பெரிய தொகுதிகள் வெளியிட்டார். அவருடன் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பிற்பாடு மதராஸ் மீன்துறையில் சேர்ந்து இந்தக் கரையின் முத்தையும் சங்கையும் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். ஆனால் இவர்கள் கேட்ட கேள்விகள் எல்லாம் சிப்பியைப் பற்றியவை. எப்போது முட்டையிடுகிறது, எந்த மீன் தின்கிறது, முத்து உருவாகக் காரணம் நாடாப்புழுவின் குஞ்சா, பார் ஏன் திடீரென வெறுமையாகிறது. அரசாங்கம் சிப்பியை விற்றதால் அறிஞர்களும் சிப்பியைப் படித்தார்கள் என்று சொன்னால் அது அநியாயமாகாது. முத்துக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வியைக் கேட்கச் சம்பளம் கொடுப்பவர் யாரும் இல்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தூத்துக்குடி முத்து வாணிபம் அடங்கியது பார்கள் பொய்த்ததால்தான். 1928-க்குப் பின் 1955 வரை சலாபமே இல்லை. சிப்பியே இல்லாத இடத்தில் காந்தம் என்ன செய்யும் என்று கேட்கலாம். பார்கள் பொய்த்தது உண்மை. ஆனால் அவை எப்போதும் பொய்த்துக்கொண்டே இருந்தன. நூற்றாண்டுக் கணக்கில் பதிவுகளைப் பார்த்தால், இரண்டு மூன்று ஆண்டு விளைச்சலுக்குப் பின் பத்து இருபது ஆண்டு வறட்சி என்பதே இந்தக் கடலின் பழக்கம். ஒவ்வொரு வறட்சிக்குப் பின்னும் பார் திரும்பியபோது விலையும் கூடவே திரும்பியது, சில சமயம் பஞ்சத்தால் உயர்ந்தும் வந்தது. 1955 முதல் 1961 வரை பார் மறுபடி திரும்பியது. தொடர்ந்து ஏழு ஆண்டு குளிப்பு நடந்தது. இந்த முறை பழைய விலை திரும்பவில்லை. 1930-ஐ ஒட்டிய உலகப் பொருளாதார மந்தமும் வளர்ப்பு முத்துமாக இடையில் சந்தையையே மாற்றியிருந்தன. 1961-க்குப் பின் இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை என்பதற்குக் கடல் பாதிக் காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன். சந்தை திரும்பாததற்குக் கடலைக் குற்றம் சொல்ல முடியாது.

இன்னொரு மறுப்பு கருவியைப் பற்றியது. காந்தச் சோதனை நம்பகமானதல்ல. நல்ல உருண்டை வடிவ முத்துக்கு மட்டுமே அது பொருந்தும். கோணல் முத்து தன் வடிவத்தாலேயே திரும்பி ஏமாற்றும். கரு உருண்டை வைக்காமல் திசுத் துண்டு மட்டும் வைத்து வளர்த்த முத்தை அது கண்டுபிடிக்காது. எக்ஸ்-கதிர் வந்ததும் அந்தக் கருவி அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது. எல்லாம் சரி. எக்ஸ்-கதிர் முறையும் தேடுவது அதே அடுக்குகளைத்தான் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்தக் கருவியானாலும் கேள்வி ஒன்று: படலங்கள் வட்டமாகச் சுற்றியிருக்கின்றனவா, தட்டையாகப் படுத்திருக்கின்றனவா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் இடம் எங்கே அமைகிறதோ அங்கேதான் இயற்கை முத்தின் விலை காப்பாற்றப்படும். பாரசீக வளைகுடாவில் பஹ்ரைன் இதைப் புரிந்துகொண்டது. எண்ணெய் வந்து முத்துக்குளிப்பு நின்ற பின்னும் அந்த நாடு வளர்ப்பு முத்து வியாபாரத்தைத் தடுத்து, முத்தைச் சோதித்துச் சான்று கொடுக்கும் ஆய்வகத்தையும் தன் ஊரிலேயே வைத்துக்கொண்டது. இயற்கை முத்து என்றால் உலகம் இன்று பஹ்ரைனைச் சொல்கிறது. தூத்துக்குடியை முத்து நகர் என்று சொல்வது ரயிலுக்கு வைத்த பெயரில் மட்டும்.

கல் கட்டி இறங்கியவருக்கு இந்தச் சான்றால் என்ன கிடைத்திருக்கும் என்று கேட்பவருக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மூன்றில் ஒரு பங்கு சிப்பியை அன்றன்றே கரையில் நின்ற வியாபாரியிடம் கிடைத்த விலைக்கு விற்றவர்களுக்கு, பாரிஸ் விலை ஏறினாலும் இறங்கினாலும் வித்தியாசம் சொற்பமே. முத்து நின்றபோது அவர்கள் சங்குக்கும் மீனுக்கும் துறைமுக வேலைக்கும் போனார்கள். ஆயினும் ஊரில் ஒரு தொழில் இருப்பதற்கும், அது பெயரில் மட்டும் எஞ்சுவதற்கும் உள்ள வேறுபாடு அவர்கள் பிள்ளைகளுக்கு வேலை தேடும்போது தெரிந்திருக்கும்.

சங்கைச் சொன்னதும் ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. தூத்துக்குடிச் சங்கு காலங்காலமாக வங்காளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. டாக்காவின் சங்காரி பஜாரில் அதை அறுத்து வளையலாக்கினார்கள். விலை அங்கே கூடியது. 1928 டிசம்பரில் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ரீடராகப் போனார். சங்கு அறுக்கும் அந்த ஊரில் உட்கார்ந்துதான் படிகங்களின் காந்தத்தை அளக்கும் தன் முறையை அவர் கூர்மையாக்கினார். முறை எளியது, கைத்திறன் கடினம். சிறிய படிகம் ஒன்றை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒட்டி, சீரான காந்தப்புலத்தில் தொங்கவிட வேண்டும். மேலே இழையின் தலையை மெல்ல மெல்லத் திருக வேண்டும். படிகம் தன் விருப்பமான திசையை விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து வரும். 45 டிகிரியைத் தாண்டியதும் தாங்காமல் சட்டென்று சுழன்றுவிடும். அந்தக் கணத்தில் இழை எவ்வளவு முறுக்கப்பட்டிருந்தது என்று குறித்துக்கொண்டால், படிகம் இரு திசைகளில் எவ்வளவு வேறுபடுகிறது என்ற எண் கிடைத்துவிடும். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் உலகத் தரத்தில் அளந்த அந்த வேலைகள், பி.சி. குஹா, எஸ். பானர்ஜி ஆகியோருடன் சேர்ந்து 1933-ல் ராயல் சொசைட்டி வெளியீடாக வந்தன. அந்த ஆண்டே கல்கத்தாவுக்குத் திரும்பிய கிருஷ்ணன், என். கங்குலியுடன் கிராஃபைட்டை எடுத்துக்கொண்டார்.

கிராஃபைட்டும் அடுக்குப் பொருளே. பென்சிலில் எழுத முடிவதற்கே அடுக்குகள் வழுக்கிப் பிரிவதுதான் காரணம். அடுக்குக்குக் குறுக்கே புலம் வரும்போது அதன் டயாகாந்தம், அடுக்கோடு வரும்போது இருப்பதைவிட ஏறக்குறைய 40 மடங்கு. மின்சாரம் அடுக்குக்குள் ஓடுவதற்கும் அடுக்கு தாண்டி ஓடுவதற்கும் உள்ள விகிதம் பத்தாயிரம் அளவில் இருப்பதை இருவரும் 1939-ல் அறிவித்தார்கள். எலக்ட்ரான்கள் ஒவ்வொரு படலத்துக்குள்ளேயே தனி உலகமாக வாழ்கின்றன என்பது இதன் பொருள். 1947-ல் வாலஸ் என்பவர் கிராஃபைட்டின் ஒரே ஒரு படலத்துக்குக் கணக்குப் போட்டார். 2004-ல் மான்செஸ்டரில் அந்த ஒற்றைப் படலத்தைத் தனியே உரித்து எடுத்தார்கள்; கிராஃபீன் என்று உலகம் கொண்டாடியது. 2017-ல் குரோமியம் அயோடைடின் ஒற்றைப் படலம், 45 கெல்வினுக்குக் கீழே தானே காந்தமாக இருப்பது தெரிந்தது. படலத்தில் எல்லாத் திசையும் சமமாக இருந்தால் காந்த ஒழுங்கு நிலைக்காது என்று 1966-லேயே மெர்மினும் வாக்னரும் நிறுவியிருந்தார்கள். குரோமியம் அயோடைடில் திசைக்குத் திசை வேறுபாடு இருப்பதால்தான் அது நிற்கிறது. இன்று இந்தியப் பல்கலைக்கழகங்களில் மெல்லிய படலங்களின் காந்தத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் மாணவர்கள் அன்றாடம் அளப்பது இந்த வேறுபாட்டைத்தான். சுண்ணாம்பின் டயாகாந்தத்தையும் குரோமியத்தின் காந்தத்தையும் ஒரே மூச்சில் சொல்வது பொருந்துமா என்று இயற்பியல் படித்தவர் முகம் சுளிக்கலாம். மூலம் வேறுதான், ஒன்று எலக்ட்ரான் ஓட்டத்தால் வருவது, மற்றது எலக்ட்ரான் தற்சுழற்சியால் வருவது. ஆனால் கேட்கும் கேள்வி ஒன்று. கிருஷ்ணனின் வம்சத்தில் அந்த மாணவர்களை வைக்க எனக்குத் தயக்கமில்லை.

தூத்துக்குடிக்கு அறிவியல் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையத்தில் கே. அழகர்சாமி, ஜப்பானியர் ரகசியமாக வைத்திருந்த முறையைத் தாமே கண்டறிந்து, வேப்பலோடையில் இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்துகளை உருவாக்கிக் காட்டினார். அது பெரிய சாதனை. கடைசிச் சலாபம் முடிந்து 12 ஆண்டு கழித்து வந்த சாதனை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்குள் ஜப்பான் அரை நூற்றாண்டு முன்னே போயிருந்தது. அதன்பின் சீனாவின் நன்னீர் முத்து கிலோக் கணக்கில் வந்து குவிந்தது. இங்கே முத்து வளர்ப்பு ஆய்வகத்தைத் தாண்டி ஒரு தொழிலாக வேரூன்றவில்லை. மறுபடியும் கேள்வி சிப்பியோடு நின்றுவிட்டது என்பது என் தீர்ப்பு. சிப்பியை வளர்க்கக் கற்றோம். படலத்தை அளந்து, தரம் சொல்லி, முத்திரையிட்டு விற்கும் ஏற்பாட்டை இந்த முறையும் செய்யவில்லை.

அதற்கு வேண்டியவை இப்போது ஒரே ஊரில் இருக்கின்றன. கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1977-ல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி இருக்கிறது. 1951-ல் தொடங்கிய வ.உ. சிதம்பரம் கல்லூரி இருக்கிறது. கொஞ்சம் தள்ளித் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். எம்.எஸ்சி. இயற்பியல் ஆய்வகம் எதிலும் மின்காந்தம் ஒன்று இருக்கும். ஓர் இயற்கை முத்தையும், கரு வைத்து வளர்த்த முத்தையும், சிப்பி ஓட்டில் கடைந்த உருண்டையையும் மெல்லிய இழையில் மாற்றி மாற்றித் தொங்கவிட்டு எது திரும்புகிறது என்று பார்ப்பதை இந்தக் கரையின் கல்லூரிகள் தங்கள் செய்முறைப் பாடத்தில் சேர்க்க வேண்டும். செலவு அதிகமில்லை. காந்தவியலில் முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் தென்மாவட்ட மாணவர் யாராவது இதைப் படித்தால், மீன்வள ஆராய்ச்சி மையத்தின் கதவையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.